தழும்பு சிறியது, காயமும் சிறியதா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் தேக்காப் பக்கம் போய்வரும் தோழர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். சிராங்கூன் ரோட்டில் தோளோடு தோள் உரசும் கூட்டம். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை. அந்தக் கூட்டத்தின் ஓரமாக, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி இளைஞர் ஒருவர் நிற்பார். வயது முப்பதைத் தாண்டியிராது. நேற்றுவரை இரும்பும் சிமெண்டும் சுமந்த கைகள் அவருடையவை. இன்று ஒரு குவளைத் தேநீரைத் தாமே ஏந்திக்கொண்டு நாலடி நடக்க அவரால் இயலாது.

அப்படி நின்றவர்களில் ஒருவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளை. தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டியவர்கள். பையன் ஜொகூர் பாலம் கடந்து கட்டட வேலைக்குப் போனான். ஒரு நாள் ஏணி வழுக்கி, ஏறக்குறைய பத்தடி உயரத்திலிருந்து நின்றவாக்கிலேயே விழுந்தான். இடது குதிகால் எலும்பு நொறுங்கியது. முதல் நாள் அழைத்துப்போன இடத்தில் சுளுக்கு என்று சொல்லி, துணிக்கட்டுப் போட்டு, வலி மாத்திரையும் இரண்டு நாள் எம்.சி.யும் கொடுத்து அனுப்பினார்கள். கால் வீங்கித் தோலில் கொப்புளம் கிளம்பிய ஐந்தாம் நாளில்தான் பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன். பத்தாம் நாள் இரண சிகிச்சை நடந்தது. நல்ல டாக்டர்கள், வேலை சுத்தமாக முடிந்தது.

மூன்றாம் வாரத்தில் வேலைத்தலத்துச் சூப்பர்வைசர் வந்து பார்த்தாராம். கட்டைப் பிரித்திருந்த காலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. ஊசி குத்தினாற்போல் இரண்டு மூன்று புள்ளிகள். "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் எம்.சி.? அடுத்த திங்கட்கிழமை வந்து கேட்டில் நில்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த "இவ்வளவுதானா?" என்னும் கேள்விக்குப் பதில் எழுதவே இக்கட்டுரை.

குதிகால் எலும்பு கெட்டியான கட்டையன்று. வெளியே மெல்லிய ஓடு; உள்ளே ரொட்டியைப் போல் நுண்ணிய அறைகள். அதன்மேல் தாலஸ் என்று டாக்டர்கள் சொல்லும் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. நம் உடம்பின் பாரம் அதன் வழியாகவே குதிகாலில் இறங்குகிறது. உயரத்திலிருந்து விழுகிறவன் குதிகாலில் மோதும்போது, தாலஸ் ஆப்பைப் போலக் கீழே இறங்கிக் குதிகால் எலும்பைப் பிளந்துவிடுகிறது. எலும்பின் உயரம் குறைகிறது, அகலம் பெருக்கிறது, இரண்டு எலும்புகளும் சேரும் மூட்டு உடைந்து மேடு பள்ளமாகிறது. விழுந்த வேகம் அங்கேயே நிற்பதுமில்லை. இப்படி விழுந்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். காலைப் பார்க்கிற டாக்டர் முதுகையும் தட்டிப் பார்ப்பது இதனால்தான்.

அந்த மூட்டின் வேலை என்ன? கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. அதற்குக் கீழுள்ள இந்த மூட்டு, பாதத்தை உள்ளும் புறமும் சாய்த்துக் கொடுக்கிறது. பளிங்குத் தரையில் நடப்பவருக்கு இதன் அருமை தெரியாது. இருட்டு விலகாத நேரத்தில், வேர் புடைத்த நிரையிலும் மழையில் வழுக்கும் மலைச்சரிவிலும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நமக்குத் தெரியும். சாரத்தில் குறுக்குக் கம்பியின்மேல் கால் வைத்து ஏறுகிறவனுக்கும் தெரியும். இந்த மூட்டு இறுகிப்போனால் அவன் நடப்பான். ஆனால் பழைய தொழிலைச் செய்வானா என்பதே கேள்வி.

இதைச் சீராக்க டாக்டர்கள் நெடுங்காலம் கைக்கொண்ட வழி பெரிய வெட்டு. குதிகாலின் வெளிப்பக்கத்தில், ஆங்கில எல் எழுத்தைப் போல மடங்கிய நீண்ட கீறல் போட்டு, தோலைக் கதவுபோல் திறந்து, உடைந்த துண்டுகளைக் கண்ணால் பார்த்து அடுக்கித் தகடும் திருகாணியும் வைத்து இறுக்குவார்கள். எலும்பு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இடத்துத் தோல் மெல்லியது. இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே புண் ஆறாமல் வாய் பிளப்பதும், சீழ் வைப்பதும், சிலருக்கு உள்ளே வைத்த தகட்டையே எடுக்க நேர்வதும் உண்டு. புகை பிடிப்பவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

இக்காலத்துச் சிறுகீறல் முறை இந்த இடரைக் குறைக்க வந்தது. கணுக்காலின் வெளிமுட்டுக்குக் கீழே, தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு பள்ளம் இருக்கிறது. அவ்விடத்தில் மூன்று நாலு சென்டிமீட்டர் அளவே கீறி, உடைந்த மூட்டைத் தூக்கி நிமிர்த்துகிறார்கள். மற்றத் துண்டுகளை ஊசித்துளை போன்ற இடங்களின் வழியே கம்பியும் திருகாணியும் செலுத்திப் பிடித்து வைக்கிறார்கள். உள்ளே நடப்பதை அறுவைக் கூடத்திலேயே எக்ஸ்ரே திரை காட்டிக்கொண்டிருக்கும். புண் தொல்லை இதில் குறைவு என்பதே இதன் பெரிய நன்மை.

இது வந்த வழியையும் தொழிலாளர் தெரிந்துகொள்ள வேண்டும். வியன்னா நகரில் 1925-இல் விபத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதை நடத்தியது தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிலையம். தலைமை டாக்டர் லோரன்ஸ் போலர். முறிந்த எலும்பைத் தொடக்கத்திலேயே ஒழுங்காகக் கவனித்தால், ஆயுள் முழுவதும் ஊனத்துக்குப் பணம் கட்டுவதைவிடச் செலவு குறையும் என்பது அவர் வாதம். குதிகால் எவ்வளவு சப்பையாகிவிட்டது என்பதை எக்ஸ்ரேயில் அளக்க இன்றும் பயன்படும் கோணத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. நல்ல காலில் அது ஏறத்தாழ 20 முதல் 40 பாகை வரை இருக்கும். அதேபோல் இங்கிலாந்தில் பர்மிங்காம் விபத்து ஆஸ்பத்திரியில் பணியாற்றிய எசெக்ஸ்-லோப்ரெஸ்தி என்ற டாக்டர் இம்முறிவை வகை பிரித்தார். குதிகாலின் பின்புறம் சிறு துளையிட்டு ஒரு கம்பியைச் செலுத்தி, அதை நெம்புகோலாக்கி எலும்பைத் தூக்கும் முறையை விளக்கினார். அவர் கட்டுரை 1952-இல், அவர் இறந்த பின்னரே வெளிவந்தது. ஆகச் சிறுதுளை வைத்தியத்தின் வித்து அன்றே விழுந்துவிட்டது. இந்த அறிவில் பெரும்பகுதி பட்டறையிலும் சாரத்திலும் விழுந்த உழைப்பாளிகளின் குதிகால்களைப் பார்த்துக் கற்றது. அதன் பலன் உழைப்பாளிக்கு முழுமையாகத் திரும்பி வர வேண்டும் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

முழுமையாகத் திரும்பி வருகிறதா? இல்லை. இரண்டு இடத்தில் கசிந்து போகிறது.

முதலாவது, நேரம். பெரிய வெட்டுக்கு வீக்கம் வடிந்து தோல் சுருங்கும்வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பார்கள். சிறுகீறல் முறைக்கோ நாள் கடத்தக் கூடாது. டாக்டர் சின்ன வாசல் வழியே துண்டுகளை நகர்த்த வேண்டியிருப்பதால், அவை ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குமுன் செய்வது நல்லது. முதல் வாரம் சிறந்தது. இரண்டு வாரம் கடந்தால் கடினம். குதிகாலின் பின்துண்டு மேலே தூக்கிக்கொண்டு தோலை உள்ளிருந்து அழுத்துகிற வகை ஒன்றுண்டு. அதில் மணிக்கணக்கே முக்கியம். தாமதித்தால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். இப்படியிருக்க, சுளுக்கு என்று இரண்டு நாள், விடுதியில் படுத்துப் பார் என்று இரண்டு நாள், செலவை ஏற்கும் உறுதிக் கடிதம் வரவில்லை என்று இன்னும் சில நாள் போனால், சிறுகீறல் சிகிச்சைக்குரிய காலமே போய்விடும். டாக்டரின் கத்தி எவ்வளவு சிறியதாயிருந்தும் என்ன பயன்?

இரண்டாவது, அந்தச் சூப்பர்வைசரின் கண். வெளித்தோலில் போட்ட வெட்டு சிறுத்ததே தவிர, உள்ளே எலும்பு உடைந்த உடைப்பு சிறுக்கவில்லை. பெரிய வெட்டோ சிறிய வெட்டோ, டாக்டர் அனுமதிக்கும்வரை காலை ஊன்றக் கூடாது. அது பெரும்பாலும் 6 முதல் 12 வாரம். அதன்பின் மெல்ல மெல்ல நடை பழகவேண்டும். வீக்கமும் விறைப்பும் பல மாதம் இருக்கும். ஓராண்டு, ஒன்றரையாண்டு வரைகூட முன்னேற்றம் தொடரலாம். சிலருக்கு உடைந்த மூட்டு பின்னாளில் தேய்ந்து, வலி பொறுக்காமல் இரண்டு எலும்பையும் ஒன்றாக இணைத்துவிடும் இன்னோர் அறுவையும் வேண்டியிருக்கும். முன்பு நீண்ட தையலைப் பார்த்தாவது முதலாளி சற்று அஞ்சினார். இன்று தையல் சிறுத்துவிட்டதால் அவர் இரக்கமும் சிறுத்துவிட்டது!

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். குதிகால் முறிந்த எல்லாருக்கும் அறுவை வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 22 ஆஸ்பத்திரிகளில், 151 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2014-இல் வெளியாயிற்று. மூட்டு உடைந்தும் மிகவும் உருக்குலையாத குதிகால்களே அதில் சேர்க்கப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அறுத்தவர்களுக்கும் அறுக்காமல் கவனித்தவர்களுக்கும் நடையிலும் வலியிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சிக்கல்களோ அறுத்தவர்களில் 100-க்கு 23 பேருக்கும், அறுக்காதவர்களில் 100-க்கு 4 பேருக்கும் வந்தன. அது பெரிய வெட்டு முறையைப் பற்றிய கணக்கு என்பதை மறவாதீர்கள். ஆயினும், டாக்டர் அறுவை வேண்டாம் என்றால் நம்மை ஏய்க்கிறார் என்று பதற வேண்டியதில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை. உடைப்பின் வகை, தோலின் நிலை, வயது, புகைப் பழக்கம், நீரிழிவு ஆகிய இவற்றைப் பார்த்தே அவர் முடிவு செய்கிறார்.

இன்னொரு கணக்கை நிர்வாகத்தார் சிலர் நம் முகத்தில் எறிவதுண்டு. கனடாவில் 2002-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், நஷ்ட ஈடு பெறும் தொழிலாளர்களுக்கு மற்றவர்களைவிடப் பலன் குறைவாகவே தெரிந்தது. "பார்த்தீர்களா, பணத்துக்காக நொண்டுகிறார்கள்" என்பது அவர்கள் பேச்சு. அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது: இலேசான வேலை செய்பவர்களுக்கு அறுவையின் பலன் நன்றாக இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு உரியவன் யார்? வேலையில் விழுந்தவன். உயரத்தில் ஏறிப் பாரம் சுமப்பவன். அவன் காலை மேசைக்கடியில் நீட்டி வைத்துக்கொள்ள முடியாது. அதே ஏணிக்கு அதே குதிகாலோடு திரும்பவேண்டும். எழுதுகோல் பிடிக்கும் எனக்குப் போதுமான குதிகால், பால் வாளி தூக்கும் என் அண்ணனுக்குப் போதாது. இதைப் பொய் நொண்டல் என்பவர்கள் ஒரு நாள் நிரையில் நடந்து பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரில் 2019-ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த நாட்டுத் தொழிலாளியானாலும் அதில் இடமுண்டு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை விபத்தால் டாக்டர் விடுப்போ இலேசான வேலையோ எழுதிக் கொடுத்தால், அது ஒரே நாளானாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும். வெளிநோயாளி விடுப்பில் 14 நாள் வரையும், ஆஸ்பத்திரி விடுப்பில் 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்குமேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் நேர்ந்த விபத்துகளுக்கு வைத்தியச் செலவின் உச்சவரம்பு 53,000 வெள்ளி அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. நிரந்தர ஊனத்துக்கும் தனி இழப்பீடு உண்டு. மனு செய்யக் கெடு ஓராண்டு.

இதில் குதிகால்காரர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. விபத்து நடந்து ஆறு மாதம் ஆகிவிட்டால், காயம் முற்றும் நிலைபெறாவிட்டாலும் அன்றைய நிலையை வைத்து ஊனத்தை மதிப்பிடலாம். பணம் விரைவில் கையில் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடு அது. ஆனால் குதிகால் ஆமை நடை நடக்கும் எலும்பு. ஆறு மாதத்தில் அது கதையின் பாதியைத்தான் சொல்லியிருக்கும். மூட்டின் அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது, தேய்மானம் தொடங்கிவிட்டதா, பின்னால் வருமா என்பதையெல்லாம் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கவேண்டும். சமதரையில் நடக்கிறேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், படி இறங்கும்போதும் கரடுமுரடான தரையிலும் என்ன ஆகிறது என்பதைச் சொல்லவேண்டும். மதிப்பீடு தவறென்று தோன்றினால் அறிவிப்பில் கண்ட நாளுக்குள் ஆட்சேபம் எழுதவேண்டும்.

துணையில்லை என்று மயங்க வேண்டாம். லிட்டில் இந்தியாவில் 2008-இல் கஃப் ரோடு திட்டம் என்று தொடங்கி, காயப்பட்டு வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு இலவச உணவு வழங்கியது 'டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ' என்னும் தொண்டு அமைப்பு. வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு வைத்திய உதவி செய்ய 2006-இல் தோன்றியது 'ஹெல்த்செர்வ்'. பசித்தவனுக்குச் சோறும் வழி தெரியாதவனுக்கு வழியும் காட்டும் இவர்களை வாழ்த்துவோம். ஆனால் கால் ஒடிந்த உழைப்பாளி ஒரு வேளைச் சோற்றுக்கு அறத்தை நம்பி நிற்கும் நிலை ஏன் வருகிறது என்றும் கேட்போம்.

இனி, நம் தோட்டத்துக்கு வருவோம். இங்கும் ஏணி உண்டு; லோரியிலிருந்து குதிப்பது உண்டு; சரிவில் சறுக்குவது உண்டு. மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெர்க்கேசோ காப்பு இருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது விரிந்திருக்கிறது. ஆனால் எந்தக் காப்பும் தொடங்குவது ஒரு தாளில். அந்தத் தாளை எழுதுவது பெரும்பாலும் கிராணியின் கை.

ஆகவே கிராணித் தோழர்களுக்கு முதலில் சொல்கிறேன். எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். விபத்துப் புத்தகத்தில் "காலில் சிறு காயம்" என்று எழுதி முடிப்பது நம் பழைய வழக்கம். அதை இன்றோடு விடுவோம். எத்தனை அடி உயரம், எந்த நேரம், எதன்மேல் விழுந்தான், குதிகால் முதலில் மோதியதா, முதுகு வலிக்கிறதா என்று எழுதுவோம். அந்த நாலு வரி டாக்டருக்கு வழிகாட்டும். பின்னாளில் தொழிலாளிக்குச் சாட்சி சொல்லும்.

தொழிலாளத் தோழர்களுக்கு: உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தவனை நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். காலை உயர்த்திப் படுக்க வைத்து, அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்குமிடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். எண்ணெய் போட்டு உருவ யாரையும் விடாதீர்கள்; அது சுளுக்கல்ல, நொறுங்கிய எலும்பு. சிகரெட்டையும் பீடியையும் புண் ஆறும்வரையாவது தொடாதீர்கள். இலேசான வேலைக்குக் கூப்பிட்டால், டாக்டர் எழுதியது என்ன என்று கேளுங்கள். நாளெல்லாம் கேட்டில் நிற்பது முறிந்த குதிகாலுக்கு இலேசான வேலையாகாது.

முதலாளிமாருக்கு: மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சிங்கப்பூரில் 2013 முதல் விதி இருக்கிறது. விதி எழுதியதால் ஏணி வழுக்காமல் இருக்காது. ஏணியைக் கட்டிவையுங்கள், சாரத்துக்குக் கைப்பிடி போடுங்கள். அதற்குமேலும் ஒருவன் விழுந்துவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். உறுதிக் கடிதம் எழுத ஆகும் நேரம் அரை மணி. அதைத் தாமதித்தால் போவது ஒருவனுடைய ஆயுட்கால நடை.

எங்கள் பிள்ளை அந்தத் திங்கட்கிழமை கேட்டில் போய் நிற்கவில்லை. டாக்டர் தந்த விடுப்புச் சீட்டைக் காட்டி மறுத்துவிட்டான். அதற்காக அவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று அவன் தாய் இரவெல்லாம் தூங்காமலிருந்தார். அந்தத் தாயின் தூக்கத்தைக் காப்பதும் சங்கத்தின் வேலைதான். இனி எந்த மேலாளராவது தழும்பைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்டால், அவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: ஐயா, தழும்பை அளக்க வேண்டாம், அவன் படியிறங்கி வரும்போது நின்று பாருங்கள்.